மார்பு பிடிக்காத பச்சிளம் பிள்ளை: முதல் வாரங்களில் என்ன செய்வது?

காம்பு வாயருகே இருக்கிறது. பிள்ளைக்குப் பசியும் இருக்கிறது. ஆனாலும் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டித் தேடுகிறது, ஒரு நொடி பிடிக்கிறது, நழுவ விடுகிறது, முதுகை வில்லாக வளைத்து வீறிட்டு அழுகிறது. சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் நீங்களும் அழ ஆரம்பித்துவிடுகிறீர்கள்.

என் மூத்த மகளோடு எனக்கு இப்படிப் பதினோரு நாள் போனது. பிரசவம் நடந்த இடத்தில், "பழகிவிடும்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பழகவில்லை. அந்த நாட்களில் நான் செய்த தவறுகளையும், பிறகு பாலூட்டல் ஆலோசகர் ஒருவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டதையும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

என் பெரிய தவறு இதுதான்: பிள்ளையை மார்பு பிடிக்க வைப்பதும், பிள்ளையின் வயிற்றை நிரப்புவதும் ஒரே வேலை என்று நினைத்தேன். அவை தனித்தனி வேலைகள். மூன்றாவதாக இன்னொன்றும் உண்டு, பால் சுரப்பு குறையாமல் பார்த்துக்கொள்வது. இந்த மூன்றில் வயிறு காத்திருக்காது, சுரப்பும் அதிக நாள் காத்திருக்காது. காத்திருக்கக்கூடியது பிடிப்பது மட்டும்தான். ஆனால் நாம் எல்லோரும் அதற்காகத்தான் மணிக்கணக்கில் மல்லுக்கட்டுகிறோம்.

எனவே இந்த வழிகாட்டியின் வரிசையும் அதுதான். முதலில் வயிறு, அடுத்தது சுரப்பு, அப்புறம் பிடிப்பது.

படி 1: பிள்ளைக்குப் போதுமான பால் போகிறதா என்று பாருங்கள்

முதல் நாளில் பிள்ளைக்குத் தேவைப்படுவது மிகக் கொஞ்சம். ஒரு வேளைக்கு 2 முதல் 10 மில்லிலிட்டர், அதாவது ஒன்றிரண்டு தேக்கரண்டிக்கு மேல் போகாது. இரண்டாம் நாள் 5 முதல் 15, மூன்றாம் நாள் 15 முதல் 30, நான்காம் நாள் 30 முதல் 60 என்று படிப்படியாக ஏறும். ஆரம்பத்தில் வரும் சீம்பால் மஞ்சளாக, கெட்டியாக, சொட்டுச் சொட்டாகத்தான் வரும். "பாலே இல்லை" என்று முதல் நாளே யாராவது சொன்னால் பதற வேண்டாம். நஞ்சுக்கொடி வெளியே வந்த பிறகு புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சரிந்தால்தான் பால் பெருக ஆரம்பிக்கும். பெரும்பாலோருக்கு அது இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் நடக்கும். முதல் பிரசவம், சிசேரியன், நீரிழிவு, அதிக ரத்தப்போக்கு போன்றவை இருந்தால் ஒன்றிரண்டு நாள் தள்ளிப்போகலாம்.

உள்ளே எவ்வளவு போனது என்று மார்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. வெளியே வருவதைப் பார்த்துச் சொல்லலாம். முதல் நாள் ஒரு முறையாவது சிறுநீர், இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று என்று எண்ணிக்கொண்டு போங்கள். ஐந்து, ஆறு நாளுக்குள் 24 மணி நேரத்தில் ஆறு முறையாவது நன்றாக நனைய வேண்டும். மலம் முதலில் தார் போலக் கருப்பாக இருக்கும், பிறகு பச்சைக்கு மாறும், நான்கைந்து நாளில் மஞ்சளாகிவிட வேண்டும். ஐந்தாம் நாளிலும் கருப்பாகவே போனால் பால் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காகிதத்தில் கோடு போட்டுக் குறித்து வைத்தால் போதும். தூக்கமில்லாத மூளையை நம்பாதீர்கள், நான் நம்பி ஏமாந்திருக்கிறேன்.

அடுத்தது எடை. பிறந்த எடையில் 7 சதவீதம் வரை முதல் சில நாட்களில் குறைவது வழக்கம். மூன்று கிலோ பிள்ளைக்கு அது 210 கிராம். 300 கிராமை, அதாவது 10 சதவீதத்தை நெருங்கினால் பாலூட்டுவதை யாராவது நேரில் பார்த்துச் சரிசெய்தாக வேண்டும், கூடுதலாகப் பால் கொடுக்கவும் வேண்டியிருக்கலாம். 10 முதல் 14 நாளுக்குள் பிறந்த எடை திரும்பி வர வேண்டும். அதன் பிறகு நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் நல்லது.

கீழே சொல்வது எதையாவது கண்டால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள். பால் குடிக்கக்கூட எழுப்ப முடியாத அளவுக்குத் துவண்டு கிடப்பது, முதல் சில நாட்கள் கடந்த பிறகு எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, மூன்றாம் நாளுக்குப் பிறகும் டயாபரில் செங்கல் நிறக் கறை தெரிவது, உச்சிக்குழி உள்வாங்கியிருப்பது, மஞ்சள் நிறம் வயிற்றையும் காலையும் தொட்டுவிடுவது, 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், உடம்பு சில்லிட்டுப் போவது. இவற்றில் எதற்கும் "காலையில் பார்க்கலாம்" என்பது கிடையாது.

படி 2: பிடிக்கிறதோ இல்லையோ, பாலை எடுத்துக்கொண்டே இருங்கள்

மார்பு கேட்டால் கொடுக்கும், கேட்காவிட்டால் குறைத்துக்கொள்ளும். பால் உள்ளேயே தேங்கினால், "இவ்வளவு தேவையில்லை போலிருக்கிறது" என்று சுரப்பிகள் வேகத்தைக் குறைக்கும். பிள்ளை இழுத்துக் குடிக்கும் நாள் வரும் வரை அதன் வேலையை உங்கள் கையோ பம்போ செய்ய வேண்டும்.

பிறந்த பிள்ளை முதல் சில மணி நேரத்தில் மார்பு பிடிக்கவில்லையென்றால் அன்றைக்கே கையால் பீய்ச்ச ஆரம்பியுங்கள். முதல் இரண்டு நாளுக்குப் பம்பைவிடக் கைதான் மேல். சீம்பால் கெட்டியானது, அளவும் குறைவு, பம்பின் குழாயிலும் புட்டியிலும் ஒட்டிக்கொண்டே பாதி போய்விடும். கையால் எடுத்தால் ஒரு கரண்டியில் நேராக விழும்.

செய்யும் முறை: கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மார்பை மெதுவாக, வலிக்காமல் ஒரு நிமிடம் வருடிக்கொடுங்கள். கட்டைவிரலைக் காம்புக்கு மேலேயும் மற்ற விரல்களைக் கீழேயுமாக, காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். முதலில் விரல்களை நெஞ்சுக்கூட்டை நோக்கி உள்ளே அழுத்துங்கள். பிறகு ஒன்றையொன்று நோக்கிச் சேர்த்துப் பிடித்து விடுங்கள். தோலின் மேல் விரல் வழுக்கக்கூடாது, காம்பைப் பிடித்து இழுக்கவும் கூடாது. அழுத்து, சேர், விடு. இதே தாளத்தில் போகட்டும். முதல் ஒன்றிரண்டு நிமிடம் ஒன்றும் வராது, அதற்குள் நிறுத்திவிடாதீர்கள். சொட்டு குறைந்ததும் விரல்களைக் கடிகார முள் போலச் சற்றுத் திருப்பி வேறு பக்கத்தில் அழுத்துங்கள்.

24 மணி நேரத்தில் எட்டு முதல் பத்து முறை எடுக்க வேண்டும். ஒரே சீரான இடைவெளி தேவையில்லை, மொத்தம்தான் முக்கியம். இரவில் ஒரு முறையாவது எழுந்து எடுங்கள், ஏனென்றால் பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் இரவில்தான் அதிகமாக இருக்கும். சேர்ந்தாற்போல் ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாமல் பார்த்துக்கொண்டால் சரி.

பால் இறங்கிய பிறகு பம்ப் உதவும். இரண்டு மார்பிலும் ஒரே நேரத்தில் இழுக்கும் வகை கிடைத்தால் நேரம் பாதியாகும், 15 முதல் 20 நிமிடத்தில் முடிந்துவிடும். மார்பில் பொருத்தும் புனலின் அளவைக் கட்டாயம் பாருங்கள். காம்பு புனலின் சுவரில் உரசினாலும், காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் நிறைய உள்ளே இழுபட்டாலும் அளவு தவறு. பம்ப் வலிக்கத்தான் செய்யும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

எடுத்த பாலை 25 டிகிரி வரையுள்ள அறையில் நான்கு மணி நேரமும், குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாளும் வைக்கலாம். உறையவைத்தால் ஆறு மாதம். அறை வெயிலில் கொதிக்கிறது என்றால் நான்கு மணி நேரக் கணக்கை நம்பாமல் உடனே குளிரில் வையுங்கள். மைக்ரோவேவில் சூடாக்கக்கூடாது, ஓரிடம் வெதுவெதுப்பாகவும் இன்னோரிடம் வாய் பொத்துப்போகிற சூட்டிலும் இருக்கும்.

படி 3: வயிற்றுக்கு எப்படிக் கொடுப்பது

முதல் இரண்டு மூன்று நாள் அளவு குறைவு என்பதால் கரண்டி, ஊசியில்லாத சிரிஞ்ச், சின்னக் கிண்ணம் எதுவும் போதும். பிள்ளையை ஏறக்குறைய உட்கார்ந்த நிலையில் வைத்து, கிண்ணத்தின் விளிம்பைக் கீழுதட்டில் தொட்டு, பால் உதட்டைத் தொடும் வரை மட்டும் சாய்த்துப் பிடியுங்கள். பிள்ளை தானே நக்கிக் குடிக்கும். வாய்க்குள் ஊற்றினால் புரையேறும்.

அளவு கூடியதும் பலர் புட்டிக்குப் போகிறார்கள், அதில் பெரிய குற்றம் எதுவும் இல்லை. புட்டியைக் கிட்டத்தட்டக் கிடைமட்டமாகப் பிடித்து, அவ்வப்போது கீழே சாய்த்து மூச்சு வாங்க விட்டு, ஒரு வேளையை 15, 20 நிமிடம் நீட்டிக் கொடுங்கள். தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தால் பால் தானாகக் கொட்டும். அந்த வேகத்துக்குப் பழகிய பிள்ளைக்கு, இழுத்தால்தான் வரும் மார்பு சலிப்பாகத்தான் இருக்கும்.

உங்கள் பால் போதவில்லையென்றால் பால் வங்கியிலிருந்து பெற்ற தாய்ப்பால், அதுவும் இல்லையென்றால் பால் பவுடர். எவ்வளவு கொடுப்பது என்பதை எடையைப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். பவுடர் பால் கொடுத்த அன்று நான் ஏதோ தோற்றுவிட்டதாக அழுதேன். அன்றைக்குப் பிறகுதான் என் மகளுக்கு மார்போடு போராடும் தெம்பே வந்தது. பட்டினி கிடக்கும் பிள்ளை நன்றாகக் கற்றுக்கொள்ளாது, தூங்கிவிடும்.

படி 4: பிடிக்க வைப்பது

இனிதான் விஷயத்துக்கு வருகிறோம். ஒரு நிமிடம் உங்கள் நாக்கை மேலண்ணத்தில் ஓட்டிப் பாருங்கள். பல்லுக்குப் பின்னால் கெட்டியாக இருக்கும். பின்னால் போகப் போக மெத்தென்று மாறும். காம்பு அந்த மெத்தென்ற இடத்தின் அருகே வரை போய்ச் சேர வேண்டும். முன்னால் கெட்டியான இடத்திலேயே நின்றால் நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவில் நசுங்கும். உங்களுக்கு உயிர் போகும், பிள்ளைக்குப் பாலும் வராது. எனவே பிள்ளை பிடிக்க வேண்டியது காம்பை அல்ல, காம்போடு சேர்த்துக் கருவட்டத்தில் பெரும்பகுதியை. இதற்கு வாய் கொட்டாவி விடுவது போல அகலத் திறக்க வேண்டும்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். தாடையை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு ஒரு மிடறு தண்ணீர் விழுங்குங்கள். பிறகு தலையை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு விழுங்குங்கள். கஷ்டமாக இருக்கிறதல்லவா? பிள்ளையை மல்லாந்து படுக்க வைத்து முகத்தை மட்டும் மார்பின் பக்கம் திருப்பும்போது நாம் அதைத்தான் செய்யச் சொல்கிறோம்.

நேரம் பார்த்துத் தொடங்குங்கள். பிள்ளை கையை வாயில் வைக்கும், உதட்டைச் சப்பும், தலையைத் திருப்பித் தேடும். அப்போதே தொடங்க வேண்டும். அழுகை என்பது பசியின் கடைசிக் கட்டம், அழும் பிள்ளையின் நாக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், அதில் காம்பைத் திணித்துப் பயனில்லை. அழ ஆரம்பித்துவிட்டால் தோளில் போட்டுத் தேற்றுங்கள், அல்லது கொஞ்சம் பாலைக் கரண்டியில் கொடுத்துப் பசியின் வேகத்தைத் தணித்துவிட்டு வாருங்கள்.

உங்கள் முதுகுக்குச் சாய்வு, கைக்குத் தலையணை. நீங்கள் குனியக்கூடாது, பிள்ளைதான் மார்பின் உயரத்துக்கு வர வேண்டும். கற்றுக்கொள்ள எளிதான நிலை, எந்த மார்பில் கொடுக்கிறீர்களோ அதற்கு எதிர்ப்பக்கக் கையால் பிள்ளையைப் பிடிப்பது. இடது மார்பு என்றால் வலது கை. பிள்ளையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும். காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில். உங்கள் உள்ளங்கை பிள்ளையின் தோள்பட்டைகளுக்கு நடுவில், கட்டைவிரலும் மற்ற விரல்களும் காதுக்குக் கீழே கழுத்தைத் தாங்கியபடி. பின்தலையில் மட்டும் கை வைக்காதீர்கள். பின்தலையை அழுத்தினால் பிள்ளை பின்னோக்கித் தள்ளும். உதவிக்கு வந்தவர்கள் என் மகளின் தலையைப் பிடித்து மார்பில் அமுக்கியபோதெல்லாம் அவள் வில்லாக வளைந்தது இதனால்தான். எங்களுக்குத் தெரியவில்லை, "பிடிவாதக்காரி" என்று பெயர் வைத்தோம்.

மார்பை மறுகையால் தாங்கி லேசாக அமுக்குங்கள், விரல்கள் பிள்ளையின் உதட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். பெரிய பண்டத்தைக் கடிக்கும்போது வாய்க்கு ஏற்ற மாதிரி அமுக்கிக்கொள்வோமே, அது போல. விரல்கள் கருவட்டத்துக்கு வெளியே இருக்கட்டும், இல்லாவிட்டால் பிள்ளையின் தாடைக்கு இடமிருக்காது.

இப்போது காம்பு பிள்ளையின் மூக்குக்கு நேராக இருக்க வேண்டும். ஆம், வாய்க்கு அல்ல, மூக்குக்கு. காம்பால் மூக்கிலிருந்து மேலுதடு வரை மெல்லத் தடவுங்கள். பிள்ளை தலையை அண்ணாந்து வாயைத் திறக்கும். பாதி திறந்ததும் அவசரப்படாதீர்கள். அகலத் திறக்கும் அந்த நொடிக்காகக் காத்திருந்து, பிள்ளையை ஒரே அசைவில் மார்புக்குக் கொண்டுவாருங்கள், மார்பைப் பிள்ளையிடம் கொண்டுபோகாதீர்கள். தாடை முதலில் மார்பில் பதியட்டும், மேலுதடு கடைசியில் காம்பைத் தாண்டி வரட்டும்.

சரியாகப் பிடித்திருந்தால் தாடை மார்பில் புதைந்திருக்கும், மூக்கு விலகியோ லேசாகத் தொட்டுக்கொண்டோ இருக்கும். கீழுதடு வெளியே மடிந்திருக்கும், கன்னம் குழி விழாமல் உப்பியிருக்கும். கருவட்டம் தெரிந்தால் மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தெரியும். முதலில் வேகவேகமாகச் சப்பும், பால் வர ஆரம்பித்ததும் நிதானமாக இழுத்து, தாடை ஒரு கணம் தாழ்ந்து நின்று, விழுங்கும். சீம்பால் நாட்களில் பல முறை சப்பினால்தான் ஒரு விழுங்கல், பால் பெருகிய பிறகு ஒன்றிரண்டு இழுப்புக்கு ஒரு விழுங்கல். "டக் டக்" என்று நாக்குச் சொடுக்கும் சத்தம் கேட்டால் பிடி நழுவுகிறது.

முதல் அரை நிமிடம் ஓர் இழுப்பு வலி இருப்பது ஆரம்ப நாட்களில் சகஜம். அதற்கு மேலும் வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காராதீர்கள். சுண்டுவிரலை வாயோரமாக நுழைத்து உறிஞ்சும் பிடியை விடுவித்து, எடுத்து, மறுபடி வையுங்கள். குடித்து முடித்து வெளியே வரும் காம்பு உருண்டையாக இருக்க வேண்டும். புது லிப்ஸ்டிக்கின் முனை போலச் சாய்ந்து நசுங்கி வந்தால் பிடித்தது ஆழமில்லை என்று அர்த்தம், வலிக்காவிட்டாலும்.

பத்து நிமிடம். ஒரு வேளைக்கு முயற்சி அவ்வளவுதான். அதற்குள் பிடிக்கவில்லையா, இரண்டு பேரில் யாராவது ஒருவர் அழும் நிலைக்கு வந்துவிட்டீர்களா, நிறுத்துங்கள். ஊட்டுங்கள், பாலை எடுங்கள், தூங்குங்கள். அடுத்த வேளை பார்க்கலாம். எனக்கு இந்தப் பத்து நிமிட விதியை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் பாதி அழுகை மிச்சமாகியிருக்கும். மார்பு என்றாலே சண்டை என்று பிள்ளை நினைத்துவிட்டால், அதை மாற்றுவதுதான் பிடிக்க வைப்பதைவிடப் பெரிய வேலை.

மல்லாந்து சாய்ந்துகொண்டு கொடுப்பது

மேலே சொன்னது எதற்கும் மசியாத பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு இது. சாய்வாக, பாதி படுத்த நிலையில் சாய்ந்துகொள்ளுங்கள். டயாபர் மட்டும் போட்ட பிள்ளையை உங்கள் வெறும் நெஞ்சில் குப்புறப் போட்டு, முதுகில் ஒரு துணி போர்த்துங்கள். பசி அதிகமில்லாத நேரம் உகந்தது. அப்புறம் ஒன்றும் செய்யாதீர்கள். பிறந்தவுடன் தாயின் வயிற்றில் விடப்பட்ட குழந்தைகள் தாங்களாகவே ஊர்ந்து மார்பைத் தேடிப் பிடிப்பதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1987-இல் பதிவு செய்தார்கள். கருவட்டத்தைச் சுற்றியிருக்கும் சிறு மேடுகளிலிருந்து வரும் வாசனை அதற்கு வழிகாட்டி. அந்தத் திறமை முதல் மணி நேரத்தோடு முடிந்துவிடுவதில்லை, பல வாரங்கள் இருக்கும். தலையைத் தூக்கித் தூக்கிப் போட்டு, கன்னத்தால் தேய்த்து, தானே போய்ச் சேரும். நீங்கள் விழாமல் தாங்கினால் போதும்.

என் மகள் பன்னிரண்டாம் நாள் பிடித்தது இப்படித்தான். நான் அப்போது பாலூட்ட முயலவே இல்லை, களைத்துப்போய் நெஞ்சில் போட்டுக்கொண்டு கிடந்தேன். களைப்பில் கண் சொருகும்போது மட்டும் கவனம். சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ பிள்ளையோடு தூங்கிவிடுவது ஆபத்து. விழித்திருக்கும் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

எங்கே சிக்குகிறது என்று பார்ப்பது

மார்பு கல் மாதிரி இறுகிவிட்டதா? மூன்றாம், நான்காம் நாள் பால் இறங்கும்போது இது நடக்கும். காற்று நிரம்பிய பந்தை வாயால் கவ்விப் பாருங்கள், பிள்ளையின் நிலை புரியும். காம்பைச் சுற்றி விரல் நுனிகளை வைத்து நெஞ்சை நோக்கி ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். வீக்க நீர் பின்னுக்குத் தள்ளப்பட்டுக் கருவட்டம் மெத்தென்று ஆகும். உடனே பிள்ளையை வையுங்கள். தேவைப்பட்டால் கொஞ்சம் பீய்ச்சி இளக்கலாம். இடைப்பட்ட நேரத்தில் குளிர்ந்த ஒத்தடம். அழுத்திப் பிசைந்து தேய்க்க வேண்டாம், உள்ளே திசு வீங்கிக் கஷ்டம் கூடும்.

காம்பு தட்டையாகவோ உள்ளிழுத்தபடியோ இருக்கிறதா? பிள்ளை குடிப்பது மார்பில், காம்பில் அல்ல என்று முன்பே பார்த்தோம், பல பிள்ளைகள் இதைப் பொருட்படுத்துவதே இல்லை. கொடுப்பதற்கு முன் விரலால் உருட்டியோ பம்பால் ஒரு நிமிடம் இழுத்தோ வெளியே வரச் செய்யலாம். அதுவும் முடியாதபோது காம்பின் மேல் மாட்டிக்கொள்ளும், சிலிக்கானில் செய்த மெல்லிய நிப்பிள் ஷீல்டு கைகொடுக்கும். ஆனால் அளவு பார்த்துத் தர ஆள் வேண்டும். பிள்ளை விழுங்குகிறதா, எடை ஏறுகிறதா என்று கவனித்துக்கொண்டே பயன்படுத்த வேண்டும். பால் பெருகுவதற்கு முன்பே அவசரப்பட்டு மாட்டிக்கொள்ள வேண்டாம்.

தூங்கிவழிகிறதா? 37 வாரத்துக்கு முன் பிறந்தவர்களும், மஞ்சள் காமாலை உள்ளவர்களும் இரண்டு இழுப்பு இழுத்துத் தூங்கிவிடுவார்கள். "தூங்குகிற பிள்ளையை எழுப்பாதே" என்ற பேச்சு இவர்களுக்குப் பொருந்தாது. மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்க விடாமல் எழுப்பிக் கொடுங்கள். துணியைக் கழற்றுங்கள், டயாபர் மாற்றுங்கள், உள்ளங்காலையும் முதுகையும் தடவுங்கள். குடிக்கும்போது வேகம் குறைந்தால் மார்பை மெதுவாக அமுக்கிப் பிடித்து ஒரு வாய் பாலை அனுப்புங்கள், விழுங்க ஆரம்பிக்கும்.

ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிறதா? பிரசவத்தில் ஆயுதம் போட்டிருந்தாலோ, கழுத்துத் தசை இறுகியிருந்தாலோ ஒரு பக்கம் படுப்பது பிள்ளைக்கு வலிக்கலாம். பிடித்த பக்கம் கொடுத்துவிட்டு, பிள்ளையைத் திருப்பாமல் அப்படியே மறு மார்புக்கு நகர்த்திப் பாருங்கள், உடம்பு உங்கள் கைக்கு அடியில் பக்கவாட்டில் போய்விடும். பிள்ளை அதைக் கண்டுபிடிக்காமல் குடிப்பதும் உண்டு! சிசேரியன் தழும்பில் உதை விழாமல் இருக்கவும் இந்தப் பக்கவாட்டு நிலை நல்லது. தலை எப்போதும் ஒரே பக்கம் திரும்பியிருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாக்குக் கட்டை, அதாவது நாக்கின் அடியிலுள்ள சவ்வு நாக்கை அசைய விடாமல் கட்டிப் பிடிப்பதைப் பற்றி இப்போது நிறையப் பேச்சு. அழும்போது நாக்கு மேலெழும்பாமல், நுனி இதயவடிவில் பிளந்து தெரிந்தால் சந்தேகப்படலாம். ஆனால் நாக்குக் கட்டு உள்ள எல்லாப் பிள்ளைக்கும் குடிப்பதில் சிரமம் வருவதில்லை. பிடிக்காததற்கெல்லாம் அதுவே காரணமும் இல்லை. முதலில் பாலூட்டும் முறையைச் சரிசெய்து பார்க்க வேண்டும், அதற்குப் பிறகும் சிரமம் என்றால்தான் அந்தச் சவ்வை வெட்டுவதைப் பற்றிப் பேச வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2024-இல் வெளியிட்ட அறிக்கையும் இந்த நிதானத்தைத்தான் சொல்கிறது. வாயைத் திறந்து பார்த்த மறு நிமிடமே கத்திரியை எடுக்கிறவரிடம் இன்னொருவர் கருத்தையும் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். அண்ணப் பிளவையும் ஒரு முறை பார்த்துவிடச் சொல்லுங்கள், பின்னாலுள்ள மெத்தென்ற அண்ணத்தில் மட்டும் இருந்தால் பிறந்தவுடன் கண்ணுக்குத் தப்பிவிடுவதுண்டு.

வலியும் காய்ச்சலும்

காம்பில் வெடிப்பு விழுந்தால் களிம்பைத் தேடுவதற்கு முன் பிடிக்கும் விதத்தைச் சரிசெய்யுங்கள். குடித்து முடித்ததும் இரண்டு சொட்டுத் தாய்ப்பாலைத் தடவிக் காயவிடலாம், தூய லானோலின் களிம்பும் பூசலாம். அந்தப் பக்கம் கொடுக்கவே முடியவில்லையென்றால் ஒரு நாள் கையால் எடுத்துக் கொடுங்கள்.

மார்பில் ஓரிடம் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் குளிரும் வந்தால் மார்பு அழற்சியாக இருக்கலாம். கொடுப்பதை நிறுத்தாதீர்கள், பால் பிள்ளைக்குக் கெடுதல் செய்யாது. முன்பெல்லாம் சூடு வைத்து அழுத்தித் தேய்த்துக் காலி செய்யச் சொல்வார்கள். 2022-இல் தாய்ப்பாலூட்டல் மருத்துவ அகாடமி தன் வழிமுறையை மாற்றிக்கொண்டது: குளிர் ஒத்தடம், வீக்கத்தைக் குறைக்கும் மாத்திரை, வழக்கமான அளவு கொடுப்பது, கூடுதலாகப் பம்ப் செய்யாமல் இருப்பது. ஒரு நாளில் குறையவில்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள்.

உதவி கேட்கும்போது

பாலூட்டல் ஆலோசகர்களுக்கு 1985 முதல் ஒரு சர்வதேசத் தேர்வு வாரியமே இருக்கிறது. அந்தச் சான்றிதழ் உள்ளவரோ, இதில் பயிற்சி பெற்ற செவிலியரோ கிடைத்தால் முதல் வாரத்திலேயே போங்கள், நான் போனது போல ஒன்பதாம் நாள் போகாதீர்கள். நல்ல ஆலோசகர் ஒரு வேளை முழுவதும் நீங்கள் கொடுப்பதை உட்கார்ந்து பார்ப்பார். கொடுப்பதற்கு முன்னும் பின்னும் அதே துணியோடு பிள்ளையை எடைபோட்டு எத்தனை கிராம் உள்ளே போனது என்று சொல்வார். பிள்ளையின் வாயையும் பார்ப்பார். உங்கள் மார்பில் முன்பு அறுவை சிகிச்சை நடந்திருந்தாலோ, கர்ப்ப காலத்தில் மார்பில் மாற்றமே தெரியாமல் இருந்திருந்தாலோ, தைராய்டு கோளாறு இருந்தாலோ மறக்காமல் சொல்லுங்கள். எவ்வளவு முயன்றாலும் முழு அளவு சுரக்காத உடம்புகள் உண்டு. அங்கே தேவை திட்டு அல்ல, தாய்ப்பாலோடு வேறு பாலும் சேர்த்துக் கொடுக்கும் ஒரு திட்டம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: கருத்துச் சொல்வதை நிறுத்திவிட்டு கிண்ணமும் பம்பும் கழுவுங்கள். பால் எடுக்கும் நேரத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள், நனைந்த டயாபர் கணக்கை எழுதுங்கள். பாலை வெளியே தள்ளும் ஆக்சிடோசின் பதற்றத்தில் தயங்கும் ஹார்மோன். அறையில் ஒரு விமர்சகர் குறைந்தால் சில மில்லிலிட்டர் கூடும், இது விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் நடப்பது. அதற்கு மேல் நீண்டால், பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் வராவிட்டால், எதிலும் பிடிப்பு இல்லாமல் போனால் மருத்துவரிடம் சொல்லுங்கள். உங்களையோ பிள்ளையையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால் அந்த நிமிடமே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.

பிடித்துவிட்ட பிறகு

ஒரு நாள் பிடிக்கும். சில பிள்ளைகளுக்கு அது நான்காம் நாள், சிலருக்கு ஆறாவது எட்டாவது வாரம்கூட ஆகும், வாய் பெரிதாகி வலுவும் கூடிய பிறகு. அந்த ஆனந்தத்தில் பம்பை அன்றே பரணில் போட்டுவிடாதீர்கள். முதல் வேளை நன்றாகக் குடித்த பிள்ளை அடுத்த மூன்று வேளை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இரண்டு மூன்று நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் பம்ப் செய்யும் வேளைகளைக் குறையுங்கள், புட்டியின் அளவையும் அதே போலப் படிப்படியாக. இரவு வேளையைக் கடைசியில் விடுங்கள். இந்த நாட்களில் வாரம் இரு முறை எடை பாருங்கள். ஆறு ஈர டயாபர் கணக்கை இன்னும் இரண்டு வாரம் எழுதுங்கள். நான் அந்தக் காகிதத்தை முப்பத்தோராம் நாள்தான் கிழித்துப் போட்டேன்.